விளக்கெரியாத வீடுகளும் டப்ளின் மழையும்

அக்டோபர் 12, 2023, வியாழன்: கார்டினர் தெரு

விடுதியின் படத்தில் சிவப்புச் செங்கல் இருந்தது, நீலக் கதவு இருந்தது, கதவுக்கு மேலே பனையோலை விசிறியை விரித்து வைத்ததுபோல் அரைவட்டக் கண்ணாடி இருந்தது. லிஃப்ட் கிடையாது என்கிற தகவல்தான் எங்கேயும் இல்லை. வரவேற்பில் இருந்த பெண் சாவியை நீட்டி, "மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் ஊரே தெரியும்" என்று வாய் நிறையச் சிரித்தாள். இரவு ஒன்றுக்கு 140 யூரோ. இந்த ஊரில் இது மலிவு என்று இவருடைய அலுவலகத்தில் சொன்னார்களாம்.

பெட்டி இருபத்து மூன்று கிலோ. முதல் மாடி வரை பிரச்சினை இல்லை. படிகள் அகலம், கைப்பிடி வழவழப்பான மரம், சுவரில் சுண்ணச்சாந்தில் இலையும் கொடியுமாக வேலைப்பாடு. இரண்டாம் மாடிக்குத் திரும்பியதும் படி குறுகிவிட்டது, சுவரில் பூவும் காணோம். மூன்றாவதுக்குப் போகும்போது பெட்டியைச் சாய்த்துத்தான் திருப்ப முடிந்தது. அங்கே கைப்பிடி என்று இருந்தது வெறும் கட்டை. மூச்சு வாங்க நின்றபோதுதான் இவர் விஷயத்தைச் சொன்னார். ஜார்ஜியன் வீடுகளில் பகட்டெல்லாம் விருந்தினர் கண்ணில் படுகிற தளம் வரைக்கும்தான். முதல் மாடியில் வரவேற்புக் கூடம், அதற்கு மேலே வீட்டார் படுக்கையறைகள், உச்சியில் பிள்ளைகளும் வேலைக்காரர்களும். ஆக, அந்தக் காலத்து வேலைக்காரி படுத்த அறைக்கு நாங்கள் 140 யூரோ கொடுத்திருக்கிறோம்.

ஜன்னல் சின்னது. ஊரும் முழுக்கத் தெரியவில்லை, எதிர் வரிசை வீடுகளின் கைப்பிடிச் சுவரும் புகைபோக்கிகளும் தெரிந்தன. நாலு பேர் வரிசையாக ஜார்ஜ் என்ற பெயரில் பிரிட்டனை ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்துக்கு ஜார்ஜியன் என்று பெயர். டப்ளின் தன் சதுக்கங்களைக் கட்டிக்கொண்டது அப்போதுதான். எனக்குக் கட்டடக் கலை தெரியாது. இவருக்குப் பகலெல்லாம் மீட்டிங். எனக்கு நேரம் இருந்தது, குடையும் இருந்தது.

இரவு மூலைக்கடையில் காய்கறி சூப், கூடவே பழுப்பு நிற சோடா ரொட்டி, ஒரு கட்டி வெண்ணெய். எட்டரை யூரோ. காயெல்லாம் மைய அரைபட்டு, எது கேரட் எது உருளை என்றே தெரியவில்லை. ரொட்டி மட்டும் அபாரம்.

அக்டோபர் 13, வெள்ளி: மெரியன் ஸ்கொயர்

விடாத மழை. நடந்தே போகிற தூரம்தான் என்றாலும் பஸ் ஏறினேன், கார்டு தேய்த்தால் இரண்டு யூரோ. இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், காதில் பாட்டு மாட்டியவர்கள், கைத்தடி ஊன்றிய கிழவர், ஒருவரும் விதிவிலக்கில்லை. நானும் சொன்னேன். அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தார்.

மெரியன் ஸ்கொயர் என்பது நடுவில் ஒரு பூங்கா, மூன்று பக்கம் வீட்டு வரிசை, மேற்கே மட்டும் பெரிய அரசுக் கட்டடங்கள். கதையும் மேற்கில்தான் தொடங்குகிறது. 1745இல் கில்டேர் பிரபு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட், ரிச்சர்ட் காசல்ஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து இங்கே மாளிகை கட்டத் தொடங்கினார். அப்போது பெரிய மனிதர்கள் எல்லாம் லிஃபி ஆற்றுக்கு வடக்கே இருந்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே இந்தப் பக்கம் வயல்வெளி. ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம், நான் எங்கே போனாலும் ஊர் பின்னால் வரும் என்றாராம். வந்தது. அவர் பிற்பாடு லென்ஸ்டர் கோமகன் ஆனார், மாளிகையும் லென்ஸ்டர் ஹவுஸ் ஆனது. 1922இலிருந்து அயர்லாந்து நாடாளுமன்றம் அங்கேதான் கூடுகிறது.

பக்கத்து நிலத்துக்காரர் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவுக்கு இது போதாதா? 1762இல் ஜான் என்சர் வரைந்த திட்டப்படி சதுக்கம் போட்டு, மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார். அவர் ஒரு வீடும் கட்டவில்லை. குத்தகை எடுத்த மேஸ்திரிகளும் வியாபாரிகளும் இரண்டு மூன்று வீடுகளாகக் கட்டி, ஒன்றை விற்ற காசில் அடுத்ததை எழுப்பினார்கள். இத்தனை உயரம், இப்படி முகப்பு என்று குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனை இருக்கும். அதற்கு உட்பட்டு அவரவர் இஷ்டம். இது தெரிந்த பிறகுதான் வரிசையை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தது. தூரத்திலிருந்து எல்லா வீடும் ஒரே அச்சு. கிட்டே போனால் ஒன்றின் ஜன்னல் மட்டம் பக்கத்து வீட்டுடன் சேராது, ஒன்று மூன்று ஜன்னல் அகலம், இன்னொன்று இரண்டு. வடக்கு வரிசைதான் முதலில் எழுந்தது. அங்கே தரைத்தளம் கருங்கல், மேலே செங்கல். மற்ற பக்கங்கள் முடிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

ஜன்னல்களின் உயரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் மாடியில்தான் மிக உயரமானவை, ஏறக்குறையத் தரையிலிருந்தே எழும்புகின்றன. மேலே போகப் போகக் குட்டையாகி, உச்சியில் சதுரமாகிவிடுகின்றன. கூரை கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. முகப்பில் சிற்பம் கிடையாது, தூண் கிடையாது. இந்த விகிதம் ஒன்றை நம்பியே மொத்த வரிசையும் நிற்கிறது. நம் கண்ணுக்கு முதலில் இது மொட்டைச் சுவர்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வடக்கு வரிசை முடிகிற இடம் வரை நடந்த பிறகு பிடித்துப்போனது.

அலங்காரம் செய்ய அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் வாசற்கதவு போலிருக்கிறது. அத்தனை ஆசையையும் அங்கே கொட்டியிருக்கிறார்கள். மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை, நாவல்பழ நிறம். பித்தளைக் கைப்பிடி. இரண்டு பக்கமும் ஒல்லித் தூண்கள். மேலே அந்த அரைவட்டக் கண்ணாடி, ஒரு வீட்டில் இருக்கிற கம்பி வேலைப்பாடு அடுத்த வீட்டில் இல்லை. இருட்டான நடைக்கு வெளிச்சம் வர வேண்டும் என்பதுதான் அதன் வேலை. குடித்துவிட்டு வருகிறவன் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடாமல் இருக்கத்தான் ஆளுக்கொரு நிறம் என்று சுற்றுலாக் கூட்டம் ஒன்றுக்கு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் சிரித்தார்கள்.

மழைக்குத் தலையைக் குனிந்து நடந்ததால் காலடியில் இருந்ததைப் பார்த்தேன். நடைபாதைக் கருங்கல்லில், ஒரு அடி அகலம்கூட இராது, வட்டமாக வார்ப்பிரும்பு மூடி. நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் கோடுகள். பத்தடி தள்ளி இன்னொன்று, அதில் வேறு கோலம். வீட்டுக்கு வீடு ஒன்று. நிலக்கரி போடுகிற துளைகள் இவை. நடைபாதைக்கு அடியில் வீட்டின் நிலவறை நீள்கிறது. வண்டிக்காரன் மூடியைத் திறந்து மூட்டையைக் கவிழ்த்தால் கரி நேராகக் கீழே விழும். கரி தூக்குகிறவன் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதே இல்லை. துளை ஏன் இவ்வளவு சின்னது? கரி இறங்கலாம், திருடன் இறங்க முடியாது. வாசற்படி ஓரத்தில் பூட்ஸ் சேற்றை வழிக்க ஓர் இரும்புப் பட்டையும் இருக்கிறது. இன்றைக்கு என் செருப்புக்கு அது பயன்பட்டது.

பூங்காவின் வடமேற்கு மூலையில் ஆஸ்கார் வைல்ட் பாறை மேல் சாய்ந்து கிடக்கிறார். எதிரே முதல் எண் வீட்டில் 1855இலிருந்து அவர் குடும்பம் இருந்தது. அப்பா கண், காது மருத்துவத்தில் பெயர் பெற்றவர். டேனி ஆஸ்போர்ன் செய்து 1997இல் வைத்த சிலை இது. கோட்டுக்குக் கனடாவிலிருந்து பச்சை ஜேட் கல், காலருக்கு நார்வேயிலிருந்து இளஞ்சிவப்புக் கல் என்று பல நிறக் கற்களைத் தேடி இழைத்திருக்கிறார். வர்ணம் எதுவும் பூசவில்லை. நனைந்தபோது நிறங்கள் இன்னும் தூக்கலாக இருந்தன. படம் எடுக்கப் போனபோது ஒரு காற்று அடித்துக் குடை தலைகீழாகி, இரண்டு கம்பி ஒடிந்தது. அந்தப் பக்கம் வந்த ஒருவர் நின்று, குடையை வாங்கி, நிதானமாகப் பார்த்து, "இது போய்விட்டது" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தேசிய ஓவியக்கூடம் பக்கத்திலேயே. 1864இலிருந்து இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. கலை ஆர்வத்தால் போனேன் என்று சொல்ல மாட்டேன், உள்ளே சூடாக இருந்தது. காபி நாலு யூரோ.

அக்டோபர் 14, சனி: ஹென்ரியட்டா தெரு

இவருக்கு விடுமுறை. வடக்கே போனோம்.

ஹென்ரியட்டா தெரு சதுக்கம் இல்லை, முட்டுச் சந்து. ஆனால் இதைப் பார்க்காமல் மெரியன் ஸ்கொயர் புரியாது என்று விடுதியில் காலை உணவு பரிமாறியவர் சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொன்னார். டப்ளின் ஜார்ஜியன் வீடுகளுக்கு முன்னோடிகள் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. லூக் கார்டினர் என்ற பெரும்புள்ளி 1720களில் தொடங்கியது. 14ஆம் எண் வீடு 1740களின் இறுதியைச் சேர்ந்தது, இப்போது அருங்காட்சியகம். தலைக்குப் பத்து யூரோ, வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

கீழ்த்தளக் கூடத்தில் வழிகாட்டி அம்மா ஒரு சுவரைக் காட்டினார். பிரமாண்டமான மாடிப்படி ஒன்று இங்கே இருந்ததாம். 1870களில் வீட்டை வாங்கியவர் படியைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்திலும் அறை தடுத்து வாடகைக்கு விட்டார். ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு வருடத்தைச் சொல்லலாம்: 1801. அந்த ஜனவரி முதல் தேதி அயர்லாந்தின் நாடாளுமன்றம் லண்டன் நாடாளுமன்றத்தோடு இணைக்கப்பட்டு இல்லாமல் போனது. கூட்டத்தொடருக்காக டப்ளினில் வீடு வைத்திருந்த பிரபுக்களுக்கு இங்கே வேலையில்லை. அவர்கள் போனார்கள், வக்கீல்கள் வந்தார்கள், வக்கீல்கள் தெற்கே நகர்ந்தார்கள், பிறகு வந்தவர்கள் அறைக்கு ஒரு குடும்பமாக வந்தார்கள். 1911 கணக்கெடுப்பில் இந்த ஒரு வீட்டில் 100 பேர். தெரு முழுக்க 800க்கும் மேல். ஒரு பிரபு குடும்பத்துக்குக் கட்டிய வீடு.

கூடத்தின் சுவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே காவிச் சிவப்பு, மேலே அடர்நீலம். உரிந்து, கீறி, பல கைகள் உரசி மெழுகேறிப் போயிருக்கிறது. அந்த நீலம் வர்ணமே இல்லையாம், ரெக்கிட்ஸ் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்தது. வழிகாட்டி அந்தச் சின்ன நீலக் கட்டியைக் காட்டியதும், "அட, ராபின் ப்ளூ!" என்று இவர் உரக்கவே சொல்லிவிட்டார். அதே கம்பெனிதான். வெள்ளை வேட்டிக்கு என் பாட்டி போட்டது, இங்கே ஏழைகள் வீட்டுச் சுவருக்கு. வழிகாட்டிக்கு இது புதுச் செய்தி. வேட்டி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கொல்லையில் ஒரு குழாய், ஒரு கழிப்பறை வரிசை. மூன்று மாடி ஏறி வாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். 1970களின் கடைசிவரை இந்த வீட்டில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். கடைசிக் குடியிருப்பை அப்படியே லினோலியம் தரையும் சமையல் அடுப்புமாகப் பராமரித்து வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் வந்திருந்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர், தன் அத்தை வீடும் இப்படித்தான் இருந்தது, ஆனால் தரையை இதைவிடச் சுத்தமாக வைத்திருப்பாள் என்றார். வழிகாட்டி அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

தெருவின் தலைமாட்டில் கிங்ஸ் இன்ஸ், வக்கீல்களைத் தயார் செய்யும் பழைய நிறுவனம். ஜேம்ஸ் காண்டன் வரைந்த கட்டடம். நம் முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி சட்டம் படித்தது இங்கேதான், 1913 முதல் 1916 வரை. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர். அந்த வருடங்களில் இந்தத் தெரு வாடகைக் குடித்தனங்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. கருப்பு அங்கியோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களை இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு கல்யாண போட்டோ ஷூட்.

மதியம் மீனும் வறுத்த உருளையும். பதினைந்து யூரோ. மீன் துண்டு தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. மிளகாய்ப் பொடி கேட்டோம், வினிகர் கொடுத்தார்கள்.

அக்டோபர் 15, ஞாயிறு: மறுபடியும் மெரியன்

வெயில்! குளிர் பத்து டிகிரி சுமார், ஆனால் வெயில். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் இரும்பு வேலி முழுக்க ஓவியங்கள் தொங்குகின்றன, வரைந்தவர்களே விற்கிறார்கள். பாதிப் படங்களில் கதவு. மீதியில் ஆடு, மழை, மதுக்கடை. உள்ளங்கை அளவு நீலக் கதவுக்கு நாற்பது யூரோ கேட்டார் ஒருவர். நான் தயங்கியதைப் பார்த்து, "எங்கே போய்விடப் போகிறது, பூங்காவைச் சுற்றிவிட்டு வாருங்கள்" என்று ஒரு மிட்டாயை நீட்டினார். வாங்காமல் போனதற்கு எனக்குத்தான் சங்கடம், அவருக்கு இல்லை.

இன்று யார் வேண்டுமானாலும் நுழையும் இந்தப் பூங்கா ரொம்ப காலம் சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்கு மட்டுமானது. 1930இல் கத்தோலிக்கப் பேராயர் தரப்பு இதை வாங்கியது, பேராலயம் கட்டுவதற்காக. நடுவில் கோபுரம் எழுந்திருந்தால் சதுக்கம் என்ற சொல்லுக்கே இங்கே இடமிருந்திருக்காது. கட்டவில்லை. 1974இல் மாநகராட்சியிடம் குத்தகைக்கு விட்டார்கள், வேலிக் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. மக்கள் உள்ளே வர உதவியது ஒரு நிறைவேறாத திட்டம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

சுற்றிலும் வீட்டுச் சுவர்களில் பெயர்ப்பலகைகள். 58இல் அரசியல் தலைவர் டேனியல் ஓகானல், 82இல் 1920களில் கவிஞர் யேட்ஸ், 65இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனம். கிழக்கு வரிசையில் 39ஆம் எண் பிரிட்டிஷ் தூதரகமாக இருந்தது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரியில் ஊர்வலம் போனவர்களில் 13 பேரை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றது. மூன்று நாள் கழித்துப் பெருங்கூட்டம் இங்கே திரண்டு தூதரகத்தை எரித்தது. இன்று முகப்பைப் பார்த்தால் எதுவும் நடந்த மாதிரி இல்லை.

தெற்கு வரிசையை ஒட்டி நேராகப் பார்த்தால் மவுண்ட் தெரு முடிவில் செயின்ட் ஸ்டீபன் தேவாலயம். 1824இல் கட்டியது. கோபுரத்தின் வடிவத்தைப் பார்த்து மிளகுக் குப்பி என்று ஊரே கூப்பிடுகிறது.

பக்கத்துத் தெருவில் 24ஆம் எண், அதைச் சேர்ந்த வீடுகளோடு இப்போது ஆடம்பர ஹோட்டல். 1769இல் ஆர்தர் வெல்லஸ்லி அங்கேதான் பிறந்தார் என்கிறார்கள். பின்னாளில் வெலிங்டன் கோமகன், நெப்போலியனைத் தோற்கடித்தவர். நமக்கு அவர் அதற்கு முன்பே பழக்கம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அதைப் பொறுப்பேற்றவர். அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி கவர்னர் ஜெனரல். அதே 1799இல் தஞ்சாவூரைச் சரபோஜியிடமிருந்தும், 1801இல் கர்நாடிக் என்று அப்போது பெயர்பெற்ற ஆற்காட்டு ராஜ்யத்தை அதன் நவாப்பிடமிருந்தும் எழுதி வாங்கியவர் அவர். அயர்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்ததும் அதே 1801. அந்த இணைப்புக்காகப் பாடுபட்ட அப்போதைய ராஜப் பிரதிநிதி கார்ன்வாலிஸ், 1792இல் திப்புவிடம் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கிய அதே கார்ன்வாலிஸ். இவரிடம் சொன்னேன். "ஒரே கும்பல்தான்" என்றார்.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும், இருட்டிவிட்டது. திரும்பிப் போகிற வழியில் சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றினோம். வடக்கு வரிசை முழுக்க இருட்டு. கிழக்கில் ஒரே ஒரு அடித்தள ஜன்னலில் வெளிச்சம். தெற்கில் ஒரு மாடியில் மஞ்சள் விளக்கு, யாரோ திரையை இழுத்து மூடினார்கள். அவ்வளவுதான். பித்தளைப் பலகைகளை நின்று படித்தோம்: வக்கீல் அலுவலகம், சங்கம், கூட்டமைப்பு, நிறுவனம், மருத்துவர், இன்னொரு சங்கம். ஞாயிறு என்பதால் எல்லாம் பூட்டு. குடியிருப்புச் சதுக்கம் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது, குடியிருக்க ஆளைத்தான் காணோம். மாடி மாடியாகக் காலி. இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள் என்று தினமும் செய்தித்தாளில் வருகிறது. பாதுகாப்பதென்றால் கதவுக்கு வர்ணம் அடிப்பது மட்டும்தானா என்று எனக்குக் கோபமே வந்தது. ஆபீஸ்கள் வந்திருக்காவிட்டால் இந்த வரிசை எப்போதோ இடிந்திருக்கும் என்றார் இவர். அதுவும் சரிதான். கோபம் போகவில்லை.

அக்டோபர் 16, திங்கள்: ஃபிட்ஸ்வில்லியம், அப்புறம் மவுண்ட்ஜாய்

மறுபடி மழை. இவர் ஆபீஸ் போய்விட்டார். புதுக் குடை பதினோரு யூரோ.

ஃபிட்ஸ்வில்லியம் ஸ்கொயர் சின்னது, டப்ளின் ஜார்ஜியன் சதுக்கங்களில் கடைசியாக வந்தது. 1790களில் தொடங்கி 1820களில்தான் முடிந்தது. இதன் பூங்காவுக்கு இன்றும் சாவி வேண்டும். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாயோடு ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார், எனக்கு முகத்தில் அடிக்காத மாதிரி மெதுவாகச் சாத்திப் பூட்டினார். உள்ளே விட விதி இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அப்புறம் அதே மழையில் கால் மணி நேரம் நின்று என்னோடு பேசினார்: உள்ளே புல்வெளிதான், பார்க்க ஒன்றும் இல்லை, ஊரில் மழை எப்போது, எத்தனை பிள்ளைகள், நல்ல ஸ்கோன் எந்தக் கடையில். கதவைத் திறந்து காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஸ்கோன் நன்றாக இருந்தது.

மெரியனுக்கும் இதற்கும் நடுவே ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் ஒரு பல் விழுந்த இடம் உண்டு. நீளமாக, முறியாமல் ஓடிய ஜார்ஜியன் வரிசையில் 16 வீடுகளை 1960களில் மின்வாரியம் தன் தலைமையகத்துக்காக இடித்தது. பெரிய எதிர்ப்பு, பலனில்லை. எழுப்பிய கட்டடம் சுமார் ஐம்பது வருடம் நின்றது, அதையும் இடித்துவிட்டு இப்போது செங்கல் முகப்பில் வேறொன்று கட்டியிருக்கிறார்கள். பழைய வீடுகள் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நின்றவை என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளலாம்.

மதியத்துக்கு மேல் மவுண்ட்ஜாய். விடுதியிலிருந்து ஐந்து நிமிடம்தான். நான்கு பக்கமும் சம அளவு, பக்கம் 140 மீட்டர், சதுக்கங்களில் உண்மையான சதுரம் இதுதான். முதல் லூக் கார்டினரின் பேரன், அவர் பெயரும் லூக் கார்டினர், மவுண்ட்ஜாய் பிரபு. 1790 வாக்கில் தொடங்கினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கலகத்தில் நியூ ராஸ் சண்டையில் செத்துப்போனார். 1818இல் சதுக்கம் முடிந்தபோது பிரபுக்களின் காலமே முடிந்திருந்தது. இதுவும் குடித்தனச் சதுக்கமாயிற்று. நாடக ஆசிரியர் ஷான் ஓகேஸி 35ஆம் எண்ணில் அப்படி ஒரு குடித்தனத்தில் இருந்தவர். 1960களில் தெற்கு வரிசையை வளைத்துப்போட்டு இடிக்கத் தொடங்கினார்கள். 1958இல் ஏற்பட்ட ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டியின் டெஸ்மண்ட் கின்னஸ், மரிகா கின்னஸ் தம்பதி அதே வரிசையில் 50ஆம் எண்ணை வாங்கிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். ஆனாலும் பாதி போனது. இன்று தெற்கில் தெரியும் பல முகப்புகள் பிற்பாடு பழைய மாதிரியில் கட்டியவை. செங்கல் மிகவும் ஒழுங்காக இருந்தால் அது புதுசு.

வடக்கு வரிசையில் சாரம் கட்டி ஒரு கொத்தனார் பாயிண்டிங், அதாவது செங்கல் இடுக்குகளில் சாந்து அடைக்கும் வேலை, செய்துகொண்டிருந்தார். பழைய செங்கல் மூலை மழுங்கி, கோணல் மாணலாக இருக்கும். இடைவெளியில் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, இரண்டு பக்கமும் செங்கல் நிறச் சாந்து. கீழேயிருந்து பார்த்தால் கத்தியால் அறுத்து அடுக்கியதுபோல் நேராகத் தெரிகிறது. நான் பார்ப்பதைப் பார்த்து ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். சுருக்கமாக, இருநூறு வருடமாகக் கண்ணை ஏமாற்றுகிற வித்தை. ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு என்று காட்டினார்.

பூங்காவில் பிள்ளைகள் மழையோடு பந்து விளையாடின. போர்த்துகீசியம், அரபு, ஏதோ ஒரு மூலையில் மலையாளம். போனில், "இல்லம்மா, சாப்டேன்மா" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். திருச்சிப் பையன், முதுகலை படிக்கிறான், மாலையில் சூப்பர் மார்க்கெட் வேலை. "அக்கா, தமிழா?" என்றான். ஐந்து நிமிடத்தில் ரசம் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுவிட்டான். ஆறரைக்கு இவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வீடு சதுக்கத்திலேயே, இரண்டாம் மாடி. நாலு பையன்கள். ஒரு காலத்தில் பெரிய அறையாக இருந்ததைப் பலகைத் தடுப்பால் இரண்டாக்கியிருக்கிறார்கள். கூரை ஓரத்தில் சுண்ணச்சாந்தில் திராட்சைக் கொடி ஓடுகிறது. ஓடிப் போய்த் தடுப்பில் முட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் இன்னொருவன் படுக்கைக்கு மேலே தொடர்கிறது. "மழைக்கு ஒழுகும்க்கா, ஆனா டிசைனைப் பாருங்க" என்றான். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்த மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். முகப்பின் அழகுக்கு மேல்தளத்துக்காரன் கொடுக்கிற விலை. குளியலறை ஒன்று, காலையில் முறை வைத்துக்கொள்வார்களாம், அட்டவணை கதவில் ஒட்டியிருந்தது.

ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சுட்ட அப்பளம். இந்த ஊரில் சாப்பிட்டதிலேயே இதுதான் சாப்பாடு. ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும் விளக்கு. துணி காய்கிறது, டி.வி. ஓடுகிறது, ஒருத்தி பிள்ளையைத் திட்டுகிறாள். முந்தின நாள் தெற்கே பார்த்த இருட்டு வரிசையைப் பற்றி இவர் சொன்னார்: இதே வீடு, இதைவிட நல்ல நிலையில், உள்ளே ராத்திரியில் ஈ காக்கா கிடையாது.

"யாருமே இல்லையாண்ணா?" என்றான் பையன். மற்ற மூன்று பேரும் தட்டிலிருந்து நிமிர்ந்தார்கள். "எந்த நம்பர்னு சொல்லுங்க, நாளைக்கே போய்ப் பெல் அடிக்கிறோம்."